ழான் தார்க் ஆடும் ஊர்கள்

டாக்கரில் இறங்கிய மறுநாள் காலை, டாக்ஸி ஓட்டுநர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, “ழான் தார்க் மறுபடியும் தோத்துட்டா” என்றார். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்லும் குரல். பிரெஞ்சில் அந்த அணியைப் பெண்பாலில்தான் சொல்வார்கள். பின்னிருக்கையில் இருந்த பண்ருட்டி நண்பர் என் முழங்கையை இடித்தார். “என்னய்யா சொல்றாரு?” நான் மொழிபெயர்த்தேன். “அந்தம்மாவத்தான் வெள்ளக்காரன் எரிச்சிட்டானே, இன்னும் எங்க தோக்குறது?” என்றார் அவர்.

2011 ஜனவரி. மாலியில் போர் தொடங்குவதற்கு ஓர் ஆண்டு முன்பு. நண்பருக்கு முந்திரி வியாபாரம். பண்ருட்டியில் உடைத்துப் பருப்பாகும் கொட்டையில் நம் மரத்தில் காய்ப்பது போதாமல் பெரும்பங்கு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. பருவம் தொடங்குமுன் நேரில் போய் ஆட்களைப் பார்த்துப் பேசிவிட்டால் விலையில் கொஞ்சம் இறங்கி வருவார்கள் என்பது அவர் கணக்கு. அவருக்கு பிரெஞ்சு தெரியாது. எனக்குத் தெரிந்தது புதுச்சேரி பிரெஞ்சு. பாட்டனார் காலத்து இலக்கணத்தோடு நான் பேசுவதைக் கேட்டு டாக்கர் இளைஞர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனாலும் வேலை நடந்தது. செனகல், மாலி, புர்க்கினா ஃபாஸோ என்று மூன்று நாடு, மூன்று வாரம். கொட்டை அவருக்கு. எனக்கு, முதல் நாளே டாக்ஸியில் கிடைத்த அந்தப் பெயர்.

புதுச்சேரிக்காரனுக்கு அது அந்நியப் பெயரில்லை. கப்ஸ் கோயிலுக்கு எதிரே, கடல் பக்கமாக இருக்கும் சின்னத் தோட்டத்தில் கவசம் போட்ட பெண்ணொருத்தியின் பளிங்குச் சிலை நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் அந்தத் தெருவில்தான் எங்கள் பந்தாட்டம். பந்து வேலியைத் தாண்டிப் போனால், “ஜான் அம்மா காலடியில கெடக்கு, நீ போய் எடு” என்று ஒருவனை ஒருவன் தள்ளிவிடுவோம். அந்த அம்மா ஆப்பிரிக்காவில் ஒரு கால்பந்து அணியாக இருக்கிறாள் என்பது ஐம்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. ஓர் அணி இல்லை, ஊருக்கு ஊர் இருந்திருக்கிறாள் என்பது அடுத்த மூன்று வாரத்தில் தெரிந்தது.

பிரெஞ்சு ஆப்பிரிக்காவில் இப்படிச் சில பெயர்கள் அச்சில் வார்த்தவை போலத் திரும்பத் திரும்ப வரும். ‘எத்வால் ஃபிலாந்த்’ என்றால் எரிநட்சத்திரம்; லோமேயில் ஒன்று, வாகடூகுவில் ஒன்று. ‘ஸ்தாத்’ என்றால் விளையாட்டரங்கம். ஸ்தாத் மாலியான், ஸ்தாத் தபிஜான், ஸ்தாத் துனிசியான். ‘எஸ்பெரான்ஸ்’ என்றால் நம்பிக்கை. 1919-இல் துனிஸில் தொடங்கிய எஸ்பெரான்ஸ், நிறுவியவர்கள் கூடிப் பேசிய காப்பிக்கடையின் பெயரையே வைத்துக்கொண்டது. இவையெல்லாம் யார் வேண்டுமானாலும் சூட்டிக்கொள்ளக்கூடிய பெயர்கள். நட்சத்திரத்துக்கு நாடு கிடையாது. ஆனால் ழான் தார்க்? அவள் பிரான்ஸின் தேசத்தாய். வெளிநாட்டுப் படையை எங்கள் மண்ணிலிருந்து விரட்டுங்கள் என்று கிளம்பிய பெண். அவள் பெயரை வெளிநாட்டுப் படை ஆண்ட மண்ணில் கொண்டுபோய் வைத்தவர்களுக்கு அதிலிருந்த வேடிக்கை உறைத்ததா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். உறைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வைத்தவர்கள் பாதிரியார்கள். தோம்ரெமி கிராமத்துக் குடியானவரின் மகள் ஜான், 1429-இல் ஆர்லேயான் நகர முற்றுகையை உடைக்கிறாள். 1431 மே 30-ஆம் தேதி ரூவான் நகரச் சந்தையில் கட்டிவைத்து எரிக்கப்படுகிறாள், பத்தொன்பது வயதில். அதன்பின் சுமார் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ரோமாபுரி, 1909-இல் அவளுக்கு முத்திப்பேறு பட்டமும் 1920 மே 16-ஆம் தேதி புனிதர் பட்டமும் கொடுக்கிறது. அந்தக் காலத்து பிரான்ஸில் திருச்சபைக்கும் குடியரசுக்கும் ஆகாது. பையன்களை யார் பிடிப்பது என்று போட்டி. பங்குக் கோயிலை ஒட்டி வாலிபர் மன்றம் வைத்து, தேகப்பயிற்சி, வாத்தியக் குழு, பந்து என்று பையன்களைக் கோயில் வளாகத்துக்குள்ளேயே நிறுத்திவைப்பது பாதிரியார்களின் வழி. அப்படிப் பிறந்த மன்றங்களில் ஊருக்கொன்றுக்கு ழான் தார்க் என்று பெயர். பாரிஸை அடுத்த திரான்ஸியில் 1904-இலேயே ஒன்று தொடங்கிவிட்டது, இன்றும் ஆடுகிறது. புனிதர் பட்டம் வந்த சூட்டோடு இந்தப் பழக்கம் கப்பலேறி டாக்கருக்கும் வந்தது. 1920-களின் தொடக்கத்தில் லெகோக் என்ற பாதிரியார் அங்கே தொடங்கியதுதான் செனகலின் ழான் தார்க்.

இதில் இன்னொரு வேடிக்கை, ஆட்டமே ஆங்கிலேயனுடையது. அவளை எரித்த கட்சியின் ஆட்டத்தை அவள் பெயரில் ஆடவைத்திருக்கிறார்கள்.

டாக்கரில் முழுப் பெயரையும் யாரும் சொல்வதில்லை. ‘லா ஜெ.ஆ.’ என்று இரண்டெழுத்துதான். சட்டை நீலமும் வெள்ளையும். செனகலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் முஸ்லிம்கள். ஆட்டக்காரர்கள் மமதூ, இப்ராஹிமா, அப்துலாயி. வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துவிட்டு வந்து கத்தோலிக்கப் புனிதையின் பெயர் போட்ட சட்டையை மாட்டிக்கொள்கிறார்கள். இது எங்காவது உறுத்துகிறதா என்று மெதினா பகுதியில் ஒரு தையற்கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன். அந்த வாசலில் கரியடுப்பில் அத்தாயா கொதித்துக்கொண்டிருந்தது. அத்தாயா என்பது அவர்கள் தேநீர். மூன்று சுற்று வரும், ஒவ்வொரு சுற்றிலும் சர்க்கரை கூடும். மூன்றும் முடியாமல் எழுந்து போவது மரியாதை இல்லை. இரண்டாவது சுற்றில் பதில் வந்தது. “மாமா, உங்க ஊர்ல பஸ் ஓடுதே, அது மேல ஏதோ பேர் எழுதியிருக்கும். ஏறுறவன் அந்தப் பேரப் பாத்தா ஏறுறான்? போற ஊரப் பாக்குறான்.” என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், என்னை ‘தோந்தோன்’ என்றார். மாமா என்று பொருள். வெளியூர்க்காரனுக்குக் கொடுக்கும் மரியாதையாம்.

பதில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் முழுக்க உண்மையில்லை. பக்கத்திலேயே பெயரைப் பார்த்து இறக்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஜெ.ஆ.வின் பரம எதிரியான ஜராஃப் அணிக்கு, 1933-இல் பிறந்தபோது இருந்த பெயர் ‘ஃபுவாயே ஃபிரான்ஸ் செனகல்’. பிரான்ஸ் என்ற சொல் பெயரிலேயே. 1969-இல் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, டாக்கர் கடற்கரையின் பூர்வகுடிகளான லெபு மக்களின் மரபுத் தலைவருக்குரிய பட்டத்தைச் சூட்டிக்கொண்டார்கள். நம் ஊரில் ‘நாட்டாமை’ என்று ஓர் அணிக்குப் பெயர் வைத்தமாதிரி. அப்படியிருக்க, எதிர் அணி மட்டும் ஏன் மாற்றவில்லை? பெரியவரிடம் மூன்றாவது சுற்றில் கேட்டேன். “அவ எங்களோடயே இருந்துட்டா” என்றார். அவ்வளவுதான். அந்த விடை எனக்குப் பேருந்து உவமையைவிடப் பிடித்தது.

நான் போயிருந்தபோது ஜெ.ஆ.வுக்கு நல்ல காலம் முடிந்திருந்தது. 1998-இல் ஆப்பிரிக்கக் கோப்பைகளில் ஒன்றின் இறுதி ஆட்டம் வரை போய் துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் அணியிடம் தோற்றது. 2004-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. அங்கேயும் துனிசியாவின் எத்வால் து சாஹெல் வழிமறித்தது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல இறக்கம்தான். பின்னாளில் முதல் பிரிவிலிருந்தே கீழே போய்விட்டது. டாக்கர்க்காரர்களுக்கு லீக் ஆட்டத்தில் பெரிய சுவாரசியமும் இல்லை. மல்யுத்தத்துக்குக் கூடும் கூட்டத்தில் பாதிகூட வராது. பந்தென்றால் ‘நவெத்தான்’தான். நவெத் என்றால் வொலோஃப் மொழியில் மழைக்காலம். பள்ளி விடுமுறையில் பேட்டைக்குப் பேட்டை அணி கட்டி மோதுவார்கள். புழுதி மைதானத்தைச் சுற்றி ஊரே நிற்கும், சண்டையும் நடக்கும். தெம்பா தியோப் அரங்கில் நானும் நண்பரும் பார்த்த லீக் ஆட்டத்தில் எங்களையும் சேர்த்து எண்ணிவிடலாம்போல இருந்தது. நண்பர் பாதியிலேயே தூங்கிவிட்டார். அந்த அரங்கில்தான் 2017 ஜூலையில், வேறு இரண்டு அணிகளின் இறுதி ஆட்டத்தின்போது, நெரிசலில் சுவர் சரிந்து எட்டுப் பேர் செத்துப்போனார்கள். செய்தியில் அந்தப் படிக்கட்டைப் பார்த்தபோது நண்பர் தூங்கிய இடம் எதுவென்று தேடினேன்.

டாக்கரை விடுமுன் இன்னொரு ஜானைச் சொல்லியாக வேண்டும். துறைமுகத்திலிருந்து தெற்கே காசமான்ஸுக்குப் போகும் கப்பலின் பெயர் அலின் சித்தோயே தியாத்தா. இவள் காசமான்ஸின் ஜோலா இனப்பெண். இரண்டாம் உலகப் போரின்போது பிரெஞ்சு அதிகாரம் நெல்லைப் பறிமுதல் செய்ய வந்தபோது, கொடுக்காதீர்கள், வேர்க்கடலையை விட்டு நம் நெல்லைப் போடுங்கள், நம் சாமியைக் கும்பிடுங்கள் என்று சொன்னவள். அசரீரி கேட்டது என்றாள். 1943-இல் பிடித்து நாடு கடத்தினார்கள். 1944-இல் தொம்பூக்தூவில், பாலைவன ஓரத்தில், கைதியாகவே இறந்துபோனாள். வயது இருபத்து நாலு இருக்கும். அவளுக்கு இன்று வழங்கும் பட்டம் ‘ஆப்பிரிக்காவின் ழான் தார்க்’. ஸீகான்ஷோர் நகரக் கால்பந்து அரங்கம் அவள் பெயரில்தான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் கொன்ற பெண்ணைப் புகழ பிரெஞ்சுக்காரியின் பெயரை எடுக்கிறார்களே என்று எனக்கு முதலில் கசப்பாக இருந்தது. பிறகு யோசித்தால், பாதிரியார் கொண்டுவந்த பெயரை அதன் சரியான பொருளில் பயன்படுத்தியவர்கள் இவர்கள்தான்.

பமாக்கோவுக்கு ரயிலில் போக ஆசை. டாக்கர்–நைஜர் இருப்புப்பாதை 1924-இல் முடிந்தது, 1,200 கிலோமீட்டருக்கு மேல். உஸ்மான் செம்பேனின் நாவலில் வரும் 1947 ரயில்வே வேலைநிறுத்தம் இந்தப் பாதையில்தான் நடந்தது. நிலையத்தில் விசாரித்தேன். ரயில் எப்போது வரும் என்று தெரியாது என்றார் ஒருவர். வரும் என்றே தெரியாது என்றார் இன்னொருவர். பொம்பியே நிலையத்தில் பேருந்து ஏறினோம். ஒன்றரை நாள் என்று சொன்னார்கள், இரண்டு நாளானது. ஹார்மட்டான் காற்று சகாராவின் மாவை வாரி வந்து பல்லிலும் பாஸ்போர்ட்டிலும் அப்பியது. கிதிராவில் ஃபலேமே ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மாலி.

இந்த எல்லைக்கும் என் கதைக்கும் தொடர்பு உண்டு. 1947 முதல் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுமைக்கும் ஒரே கோப்பை நடந்தது. டாக்கர் ழான் தார்க் 1950-களின் தொடக்கத்தில் அதை வென்றது. 1953-இலும் 1956-இலும் வென்றதும் ழான் தார்க்தான், ஆனால் பமாக்கோ ழான் தார்க். ஒரே இருப்புப்பாதையின் இரு முனையில் ஒரே பெயரில் இரண்டு அணி. அக்கா தங்கை மாதிரி. 1960 ஜூன் 20-இல் செனகலும் சூடானும் ‘மாலி கூட்டாட்சி’ என்று ஒரே நாடாக விடுதலை பெற்றன. சூடான் என்பது இன்றைய மாலிக்கு அன்றைய பெயர். இரண்டே மாதம், ஆகஸ்ட் 20-இல் உறவு முறிந்தது. எல்லை மூடியது. ரயில் நின்றது, மூன்று ஆண்டுக்கு ஓடவில்லை. செப்டம்பர் 22-இல் மாலி தனி நாடு.

அதோடு பமாக்கோவில் ழான் தார்க்கும் முடிந்தாள். அந்த அணியின் முழுப் பெயர் ‘சூடானின் ழான் தார்க்’. சூடான் என்ற நாட்டுப் பெயரே போனபிறகு மிச்சம் என்ன? விடுதலை ஆண்டிலேயே அணிகளை இணைத்தார்கள். ழான் தார்க்கும் எஸ்பெரான்ஸும் சேர்ந்து ‘ஸ்தாத் மாலியான்’ ஆனது. இன்னும் இரண்டு அணிகள் சேர்ந்து ‘ஜோலிபா’ ஆனது. ஜோலிபா என்றால் அவர்கள் மொழியில் நைஜர் ஆறு. ஒரே ஆண்டில் பெயர் தேடிய இரண்டு கூட்டத்தில் ஒன்று ஆற்றின் பெயரை எடுத்துக்கொண்டது. மற்றது, பிரெஞ்சுப் புனிதையை இறக்கிவிட்டு பிரெஞ்சுப் பொதுச்சொல் ஒன்றை ஏற்றிக்கொண்டது. மொதிபோ கெய்த்தாவின் சோஷலிச ஆட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்த காரியம் இது. என்னைக் கேட்டால் இது சோம்பேறித்தனம். ‘மாலி விளையாட்டரங்கம்’ என்று ஓர் அணிக்குப் பெயர் வைப்பது, பிள்ளைக்கு ‘மருத்துவமனை’ என்று பெயர் வைப்பதுபோல.

இதை நான் பமாக்கோவில் ஒரு ‘கிரேன்’ முன்னால் சொல்லித் தொலைத்தேன். கிரேன் என்பது தெருவோரத் தேநீர்க் கூட்டம். அதே ஆட்கள், அதே நாற்காலிகள், ஆண்டுக்கணக்காக. அன்று உட்கார்ந்திருந்த ஆறு பேரில் நாலு பேர் ஸ்தாத் கட்சி. “ஜோலிபாக்காரன் காசு கொடுத்து உன்ன அனுப்பினானா?” என்றார் ஒருவர். இன்னொருவர் என் குடும்பப்பெயரைக் கேட்டு, உச்சரிக்க முடியாமல், “சரி, நீ குலிபாலி. குலிபாலி எல்லாரும் மொச்சை தின்னி” என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நாட்டில் குடும்பப்பெயரை வைத்து இப்படிக் கேலி செய்ய ஒரு முறை இருக்கிறது. மாமன் மச்சான் கிண்டல் மாதிரி. கோபப்படக் கூடாது, திருப்பிக் கொடுக்கலாம். நானும் கொடுத்தேன். “நாங்க மொச்சை தின்னா, நீங்க ஆறே இல்லாத கரை.” அதற்கு ஜோலிபாக் கட்சியின் இருவர் எழுந்து நின்று கை கொடுத்தார்கள்.

ஸ்தாத்காரர்களிடம் கேலிக்கு மேல் பதில் சொல்லப் போதுமான கோப்பைகள் இருந்தன. ஆப்பிரிக்காவின் முதல் சாம்பியன் அணிகள் கோப்பையில், 1965-இல் அக்ராவில் நடந்த இறுதி ஆட்டம் வரை போனது ஸ்தாத். தூவாலாவின் ஓரிக்ஸிடம் 2–1 என்று தோற்றது. அடுத்து 1966-இல் பமாக்கோவின் இன்னொரு அணியான ரெயால் இறுதிக்குப் போனது. அதில் இளம் ஆட்டக்காரர் சாலிஃப் கெய்த்தாவும் ஆடினார். ஸ்தாத்துக்குக் கோப்பை கிடைக்க 2009 டிசம்பர் வரை ஆனது. அல்ஜீரியாவின் செத்திஃப் அணியைப் பெனால்டியில் வென்று கூட்டமைப்புக் கோப்பையை எடுத்தார்கள். நான் போனபோது அந்தச் சுவரொட்டிகள் கிழியாமல் இருந்தன. அந்தக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் மட்டும், எல்லோரும் கலைந்தபின், தாழ்ந்த குரலில் சொன்னார்: “எங்கப்பா ஸ்தாத்னு சொல்லவே மாட்டாரு. சாகிறவரைக்கும் ‘ழான்’தான். ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சு வந்தா, அம்மா வாசல்லயே கேப்பாங்க, ழான் என்ன பண்ணினான்னு.”

ஊரை விட்டுக் கிளம்பிய பேருந்து சிக்காஸோ வழியாக புர்க்கினாவுக்குள் நுழைந்து, எல்லைக்கு இப்பால் ஓரிடத்தில் நின்றுபோனது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். டிக்கெட்டில் ‘குளிர்சாதனம், தொலைக்காட்சி’ என்று அச்சிட்டிருந்தது. இரவு முழுக்கச் சாலையோரப் பாயில் கிடந்தோம். பக்கத்தில் படுத்திருந்த வாகடூகுப் பையன், தான் எத்வால் ஃபிலாந்த் ரசிகன் என்றான். எரிநட்சத்திரக்காரன். மேலே பார்த்தேன். ஹார்மட்டான் புழுதியில் நிலா மட்டும் பழைய பித்தளைத் தாம்பாளம்போலத் தெரிந்தது, நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. பெயர் வைத்தவர்கள் இந்த மாதத்தில் வானத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றேன். அவன் சிரிக்கவில்லை. “நட்சத்திரம் அங்கதான் இருக்கு, தோந்தோன்” என்றான்.

1955-இல் தொடங்கிய எத்வால் ஃபிலாந்துக்கும் 1947-இல் தொடங்கிய இன்னோர் அணிக்கும்தான் வாகடூகுவின் ஊர்ப்பகை. அப்போது இந்த இரண்டு பேரும் பட்டத்தைப் பெரும்பாலும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போன சமயத்தில் எடுத்துக்கொண்டிருந்தது இரண்டாவது அணி. அதன் பெயர் ‘ஆஸ்ஃபா யென்னெங்கா’. நண்பர் போபோ-தியுலாஸோவில் முந்திரிக்காரர்களோடு தங்கிவிட, நான் மட்டும் வாகடூகு வந்து, சாயங்காலம் ஒரு மாக்கியில் உட்கார்ந்திருந்தேன். மாக்கி என்றால் வாசலில் மேசை போட்ட சாப்பாட்டுக்கடை. ரிஸ் கிரா என்ற எண்ணெய்ச் சோறும் கோழியும். கடைக்காரர் ஆஸ்ஃபா ரசிகர். பேச்சு வாக்கில் சொன்னார்: “எங்க அணிக்கு முந்தி வேற பேரு. ழான் தார்க்.”

கையில் எடுத்த கோழித்துண்டை வைத்துவிட்டேன்.

யென்னெங்கா யார் என்று புர்க்கினாவில் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். இன்றைய கானாவின் வடபகுதியில் இருந்த தகோம்பா அரசனின் மகள். அப்பனின் குதிரைப்படையை நடத்தியவள். போரில் அவளை விட்டால் ஆளில்லை என்பதால் அவளைக் கட்டிக்கொடுக்க அரசனுக்கு மனமில்லை. அவள் ஒரு வயல் பயிரிட்டு, விளைந்ததும் அறுக்காமல் விட்டு, அழுகவைத்தாள். என்னம்மா இது என்று அப்பன் கேட்க, “என்னை நீங்கள் இப்படித்தானே வைத்திருக்கிறீர்கள்” என்றாளாம். கோதுமை வயல் என்று சிலர் சொல்வார்கள். எனக்குச் சொன்ன கடைக்காரர் வெண்டைக்காய் என்றார். வெண்டைதான் நம்பும்படி இருக்கிறது, முற்றினால் எதற்கும் ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். அரசன் அவளைச் சிறையில் வைத்தான். ஆண்வேடத்தில் குதிரையேறித் தப்பினாள். குதிரை காட்டுக்குள் அவளை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய இடத்தில் ரியாலே என்ற யானை வேட்டைக்காரன். பிறந்த மகனுக்குக் குதிரையின் நினைவாக உவெத்ராவோகோ என்று பெயர், ஆண்குதிரை என்று பொருள். அவன் வழியில் வந்தவர்கள் மோஸ்ஸி மக்கள். இன்று அந்த நாட்டில் தடுக்கி விழுந்தால் ஓர் உவெத்ராவோகோ மேல்தான் விழ வேண்டும். தேசிய அணிக்கே ‘ஆண்குதிரைகள்’ என்றுதான் பெயர். வாகடூகு திரைவிழாவின் முதல் பரிசு, 1972 முதல், யென்னெங்காவின் குதிரை.

ஆணுடை, கவசம், குதிரை, படை, அரசனோடு பிணக்கு, சிறை. ழான் தார்க்கை இறக்கியவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விடவில்லை, வேறு எதையோ போட்டும் நிரப்பவில்லை. அதே அளவுள்ள பெண்ணைத் தங்கள் வீட்டிலிருந்தே கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறார்கள். யார் முதலில் சொன்னார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். நம் கத்தோலிக்கர்கள் ஜானை அருளப்பர் என்றும், பீட்டரை இராயப்பர் என்றும், பாலைச் சின்னப்பர் என்றும் ஆக்கிக்கொண்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மூன்று வாரமாக முந்திரிக் கொட்டையின் ஈரப்பதத்தை பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் மாற்றிக்கொண்டிருந்தவன். அந்தப் பெயர்மாற்றத்துக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைக்காரரிடம் ழான் தார்க்கை எரித்த கதையைச் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, “குழந்தை உண்டா?” என்றார். இல்லை என்றேன். “அப்போ எங்காளுதான் ஜெயிச்சா” என்றார்.

லோமே போக வேண்டும் என்று இருந்தது. 1932-இல் தொடங்கிய அந்த ஊர் எத்வால் ஃபிலாந்த், 1968-இல் ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதி வரை வந்து, முதல் ஆட்டத்தில் 5–0 என்று உதைவாங்கி, இரண்டாவதை 4–1 என்று வென்றும் கோப்பையைத் தவறவிட்டது. எதிரி, காங்கோவின் ‘து புவீசான் அங்கிள்பேர்’. அங்கிள்பேர் என்பது டயர் கம்பெனி. ‘சர்வவல்லமையுள்ள அங்கிள்பேர்’ என்று அணிக்குப் பெயர்! அந்த டயரும் பின்னால் கழன்று, அது இன்று மஸேம்பே. இதையெல்லாம் போய்க் கேட்க நாளில்லை. நண்பரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வாகடூகுவிலிருந்தே விமானம் ஏறினோம்.

நாலாவது ழான் தார்க்கை ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தேன். ரெயூனியோன் தீவு, இந்துமாக்கடலில். ஆப்பிரிக்காவை ஒட்டிய கடல்தான். ஆனால் நிலம் சட்டப்படி இன்றும் பிரான்ஸ். காசும் யூரோ. அங்கே லெ போர் என்ற துறைமுக ஊரின் அணி ‘எஸ்.எஸ். ழான் தார்க்’. விடுதலையே வராத ஊரில் பெயரை என்ன செய்வது என்ற கேள்வியும் வரவில்லை. ஊர் நெடுங்காலம் கம்யூனிஸ்டுகள் கையில் இருந்தது. அதனால் மைதானத்துக்கு, கொலையுண்ட கிரேக்க இடதுசாரி லம்ப்ராக்கிஸின் பெயர். புனிதையின் பெயரில் அணி, கிரேக்கத் தோழரின் பெயரில் மைதானம். வெளியே தெருவில் ‘பாந்தியாலே’ திருவிழாவுக்கு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பாந்தியாலே நம் பாஞ்சாலி, திரௌபதி அம்மன். 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இன்றும் அவளுக்குத் தீமிதிக்கிறார்கள். அவர்களை அங்கே மலபார் என்பார்கள். தமிழ் பேசத் தெரிந்தவர்கள் அநேகமாக இல்லை.

மைதான வாயிலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் ஒரு பார்வை பார்த்தார். இந்தியாவா என்றார். புதுச்சேரி என்றேன். தன் குடும்பப்பெயரைச் சொன்னார்: ‘மூத்தூஸாமி’. சொல்லிவிட்டு, ரொம்ப நாளாக யாரையாவது கேட்க வேண்டும் என்று இருந்தவர்போல, “அதுக்கு என்ன அர்த்தம்?” என்றார். முத்து என்றால் கடலில் எடுப்பது, சாமி என்றால் தெய்வம் என்று விளக்கினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். அவர் பெயரை வாய்க்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்தார். பிறகு என் டிக்கெட்டைக் கிழிக்காமல் அப்படியே கையில் கொடுத்து, நாலு மணிக்கு ஆட்டம், நிழல் வேண்டுமானால் இடப்பக்கப் படிக்கட்டில் உட்காருங்கள் என்றார்.